எலும்பு கணக்கு வைக்கும், கோச் வைக்கிறாரா?

"உது வளருற வயசு நோ, ஓடினாச் சரியாகும்." பாடசாலை உதைபந்தாட்ட அணியில் இருந்த ஆருக்கும் இந்த வசனம் பழக்கம். நாங்கள் எதிர்க்கிறது இந்த வசனத்தைத்தான்.

வளருற வயசு எண்டதாலதான் கூடக் கவனம் வேணும். தொடை எலும்பின் தலைப்பகுதியில் ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது மூடும்வரை, தன்மேல் விழும் சுமைக்கேற்ப எலும்பு தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். ஓயாமல் உதைத்து, சடாரெனத் திரும்பி ஓடும் பிள்ளைகள் சிலருக்கு, எலும்பின் தலையும் கழுத்தும் சேருமிடம் புடைத்துவிடும். காலை மடக்கும்போது அந்தப் புடைப்பு இடுப்புக் குழியின் விளிம்பில் முட்டும். விளிம்பு கிழியலாம், மூட்டுத் தேய்வு முந்தி வரலாம்.

நெதர்லாந்தில் தொழில்முறைக் கழகங்களின் இளம் வீரர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவு: புடைப்பு வளர்ச்சிக் காலத்தில்தான் உருவாகிறது, தட்டு மூடியபின் கூடுவதில்லை. 2015இல் வந்த ஆய்வில், 12 வயதுக்கு முன்பே அப்படியான கழகங்களில் சேர்ந்தவர்களிடம் அது அதிகமாக இருந்தது.

புடைப்பு உள்ள எல்லாருக்கும் நோ வராது, உண்மை. விளையாட வேண்டாம் எண்டும் நாங்கள் சொல்லேல்லை. கேட்கிறது ஒண்டுதான்: ஆர் கணக்கு வைக்கிறது?

ஒரே பெடியன் 16 வயதுக்குட்பட்ட அணியிலும் ஆடுவான், 18இலும் ஆடுவான், பின்னேரம் ஊர்க் கழகத்திலும் ஆடுவான். ஒவ்வொரு கோச்சுக்கும் தன்ர பிராக்டிஸ் மட்டும்தான் தெரியும். மூன்றையும் கூட்டிப் பார்க்க ஆளில்லை. கவட்டுப் பக்கம் நோகுது எண்டால் "பயந்தாங்கொள்ளி" பட்டம். கிண்ணம் பாடசாலை அலுமாரிக்குப் போகும், இடுப்பு அவனோடதான் இருக்கும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இலேயே சொல்லிவிட்டது: வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு; ஆண்டில், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, மொத்தம் 3 மாதம் அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு. இதுக்குக் காசு தேவையில்லை. ஒரு கொப்பி போதும். எந்த அணியில், எத்தனை மணித்தியாலம், எங்க நோகுது: இவ்வளவும் எழுதிப் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும், ஒவ்வொரு கோச்சும் பார்த்துக் கையெழுத்து வைக்கட்டும்.

அணித் தெரிவுக்கு வயதுச் சான்றிதழ் கேட்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கொப்பியைக் கேட்க ஏலாதா?