காட்சியமைப்பு எழுத்தில் இருந்தால்

கன்னட எழுத்தாளர் சிவராம காரந்த் கர்நாடக மரபுக் கூத்தான யக்ஷகானத்திலிருந்து உருவாக்கிய யக்ஷரங்க நாட்டிய நாடகங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஜனவரி 23 அன்று தீர்ப்பளித்தது. மணிப்பால் பொதுக் கல்வி அகாதெமி 2001இல் டெல்லியில் ‘அபிமன்யு வதை’யை அனுமதி பெறாமல் மேடையேற்றியதில் எழுந்த வழக்கு இது. காரந்தின் உயிலில் இலக்கியப் படைப்புகளின் பதிப்புரிமையை ஒரு வாரிசுக்குத் தரும் தனிப் பிரிவு இருந்தது. நாட்டிய நாடகம் அதில் அடங்காது, அது ‘நாடகப் படைப்பு’. ஆனாலும் எஞ்சிய சொத்துகளுக்கான பிரிவின் வழியே அதே வாரிசுக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். கல்வி நிறுவனங்களுக்கும் கட்டணமில்லா நிகழ்ச்சிகளுக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52 தரும் விலக்கு அப்படியே இருக்கிறது.

இயக்குநர்களும் வடிவமைப்பாளர்களும் இந்தத் தீர்ப்பை வரவேற்க வேண்டும். காரந்த் ஏழு பிரசங்கங்களை (யக்ஷகானப் பாடல் பிரதிகளை) எழுதியதோடு நிற்கவில்லை; ராகம், தாளம், காட்சியமைப்பு, உடை எல்லாவற்றிலும் கைவைத்தார். அந்த வேலை எழுத்துப் பிரதியின் நிழலில் ஒதுங்கி நிற்காமல் தனக்கென்று ஒரு சட்டப் பெயரோடு நிற்கிறது. இன்னொன்றும் முக்கியம். காரந்த் அகாதெமியின் யக்ஷகான மையப் பொறுப்பில் இருந்தபோது, நிறுவனத்தின் பணத்திலும் உதவியிலும் உருவானது இந்த நாட்டிய நாடக வடிவம், ஆகவே நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வாதம் எடுபடவில்லை. ரெப்பர்ட்டரிகளில் சம்பளத்துக்கோ மதிப்பூதியத்துக்கோ வேலை பார்க்கும் ஒவ்வொரு வடிவமைப்பாளரும் பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் யார் என்று சொல்லும் பிரிவு 17ஐப் படித்துவிட்டு, தீர்ப்பின் இந்தப் பகுதியைத் திரும்பப் படிப்பது நல்லது.

மரபுக் கலையைத் தனி ஒருவர் பூட்டிவைக்கலாமா என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் யக்ஷகானத்தின் படகுதிட்டுப் பாணியில் விடிய விடிய அபிமன்யு கதை ஆடும் மேளம் (கூத்துக் குழு) எதையும் இத்தீர்ப்பு தொடவில்லை. தெருக்கூத்து அடவை எடுத்து நவீன நாடகம் செய்யும் நம் இயக்குநர் எவரும் அந்த அடவுக்கு உரிமை கொண்டாட முடியாது, கொண்டாடவும் கூடாது.

இவ்விதழ் தொடக்கம் முதலே சொல்லிவரும் விஷயத்துக்கு இப்போது வந்தாக வேண்டும். பிரிவு 2(எச்) நாடகப் படைப்பை எப்படி வரையறுக்கிறது? காட்சியமைப்பும் நடிப்பு வடிவமும் எழுத்திலோ வேறு வகையிலோ நிலைநிறுத்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. காரந்தின் ஆக்கத்தைக் காட்டப் பிரசங்கங்கள் ஏட்டில் இருந்தன. நம்மிடம் என்ன இருக்கிறது?

தமிழில் நாடகம் போடும் குழுக்களில் எத்தனை பேரிடம் பிராம்ப்ட் புக் (நகர்வும் கியூவும் குறித்த மேடைப் பிரதி) உண்டு? ஒத்திகையின் கடைசி வாரத்தில் நடிகரின் பிரதி ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிய அம்புக்குறிகள்தான் பிளாக்கிங் குறிப்பு, அதாவது நடிகர் நிற்கும் இடம், நகர்வு பற்றிய குறிப்பு. ஒளியமைப்பாளர் நிகழ்ச்சியன்று மாலை நான்கு மணிக்கு அரங்கத்துக்குள் நுழைகிறார். இருக்கிற பார்கேன், ஃப்ரெனல் விளக்குகளை எண்ணிப் பார்த்து, ஏணியில் ஏறி ஃபோகஸ் செய்து, ஒரு துண்டுச் சீட்டில் கியூ எழுதி டிம்மர் போர்டில் ஒட்டுகிறார். இரவு பத்து மணிக்கு அந்தச் சீட்டு குப்பையோடு கூட்டிப் போகும். ‘கியூ 14: “போறேன்” என்றதும், இடது பக்க விளக்கு எட்டு விநாடியில் இறங்க, பின்திரை நீலம் பாதியில் நிற்க’ என்ற ஒரு வரியில் அந்த நாடகத்தின் உயிரே இருந்திருக்கலாம். மறுநாள் அது எங்கும் இல்லை.

1959இல் கல்கத்தா மினர்வா அரங்கில் உத்பல் தத் இயக்கிய ‘அங்கார்’ நாடகத்தின் முடிவில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறும். மேடையில் தண்ணீர் கிடையாது. ஒளியமைப்பாளர் தாபஸ் சென் அதை ஒளியாலேயே செய்தார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் விளக்குகளை எங்கே வைத்தார், எந்த வேகத்தில் ஏற்றினார் என்று கேட்கும் ஒரு தமிழ் மாணவரின் கையில் எதை எடுத்துக் கொடுப்பது? அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆர்.எஸ். மனோகரின் ‘இலங்கேஸ்வரன்’ தந்திரக் காட்சிகளை அடுத்த தலைமுறை செய்தே பார்க்க வேண்டுமென்றால், பார்த்தவர்களின் வாய்மொழியை நம்பித்தான் தொடங்க வேண்டும்.

ஆவணப்படுத்த முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு. ஜெர்மன் நாடகாசிரியரும் இயக்குநருமான பிரெக்டும் காஸ்பர் நேஹரும் 1948இல் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் ‘ஆன்டிகனி’யை மேடையேற்றினார்கள். மறு ஆண்டே அது ‘மாதிரிப் புத்தகம்’ ஆகிவிட்டது. ரூத் பெர்லாவின் புகைப்படங்களும் நிற்கும் இடம், நகர்வு பற்றிய குறிப்புகளும் அதில் உண்டு. வடிவமைப்பாளர் நேஹரின் பெயர் இயக்குநரின் பெயரோடு சேர்ந்தே இருக்கிறது. போர் முடிந்து மூன்றாண்டுகூட ஆகாத, எல்லாவற்றுக்கும் பஞ்சமான ஐரோப்பாவில் செய்த வேலை அது.

எழுத்தில் இருந்தாலும் வழக்கு எளிதல்ல. ‘லவ்! வேலர்! கம்பேஷன்!’ நாடகத்தின் தன் இயக்கத்தை ஃபுளோரிடாவில் ஒரு அரங்கம் நகலெடுத்ததாக அமெரிக்க இயக்குநர் ஜோ மான்டெல்லோ 1996இல் வழக்குப் போட்டார். அது 1999இல் சமரசத்தில் முடிந்தது. இயக்கம் பதிப்புரிமைக்கு உரியதா என்ற கேள்விக்கு விடை வரவில்லை. ஒளியமைப்பு தனித்து என்ன ஆகும் என்று நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் சொல்லவில்லை. ஆவணம் வைத்திருப்பவருக்கே நிலைமை இப்படி என்றால், ஒன்றும் இல்லாதவர் நீதிமன்றத்தில் எதைக் காட்டுவார்?

குழுக்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? 1994 திருத்தத்தில் நிகழ்த்துநர் யார் யார் என்று சட்டம் பட்டியல் போட்டது. நடிகர், பாடகர், நடனக் கலைஞர், கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி எல்லோருக்கும் அதில் இடம் கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்தது நியாயமே. ஆனால் நாடக இயக்குநர் என்ற சொல்லையோ மேடை வடிவமைப்பாளர் என்ற சொல்லையோ எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்கைக்கு அனுப்பும் வரவுசெலவுத் திட்டத்தில் ஆவணப்படுத்தலுக்கு என்று ஒரு தொகை போட்டால், அதிகாரிகள் முதலில் அடிப்பது அந்த வரியைத்தான். அரங்க வாடகைக்கு ரசீது கேட்பார்கள், போஸ்டருக்கு ரசீது கேட்பார்கள். கிரவுண்ட் பிளான் (மேடை வரைபடம்) எங்கே என்று கேட்ட அதிகாரியை இத்துறையில் யாரும் பார்த்ததில்லை. நாடகப் பிரதியை வரவழைத்துப் பார்க்க 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் 2013 வரை அதிகாரம் தந்தது. வசனத்தில் ஆட்சேபத்துக்குரிய சொல் இருக்கிறதா என்று தேட அரசுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆர்வம் இருந்தது. அதே நாடகத்தின் மேடை வரைபடத்தையோ உடை ஓவியத்தையோ வாங்கிப் பாதுகாக்க ஒரு அலமாரி ஒதுக்கவில்லை.

இயக்குநரையும் வடிவமைப்பாளரையும் பெயர் சொல்லிச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று நாடக அமைப்புகள் எழுதியாக வேண்டும். மத்திய, மாநில அகாதெமிகள் நல்கையின் கடைசித் தவணையை ஆவணக் கோப்பு வந்த பிறகே தரட்டும். அந்தக் கோப்புக்கான செலவையும் சேர்த்தே தரட்டும்.

அதுவரை குழுக்கள் செய்ய வேண்டியது: ஒத்திகையின் முதல் நாளே ஒருவரைப் பதிவுக்கு நியமிப்பது, பிளாக்கிங் குறித்த பிரதி, கிரவுண்ட் பிளான், லைட் பிளாட் (விளக்குகளின் வரைபடம்), கியூ ஷீட், உடை ஓவியம், ஒப்பனைப் படங்கள் ஆகியவற்றை முதல் நிகழ்ச்சி முடிந்த வாரத்துக்குள் ஒரே கோப்பில் சேர்ப்பது, ஒவ்வொரு பக்கத்திலும் இயக்குநரும் உரிய வடிவமைப்பாளரும் தேதியிட்டுக் கையெழுத்திடுவது. ஒரு படி குழுவிடமும் மற்றொன்று வடிவமைப்பாளரிடமும் இருக்கட்டும். மறுமேடையேற்றத்துக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், வடிவமைப்பாளருக்கு என்ன தொகை என்பதை ஒத்திகை தொடங்கும் முன்பே ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதிக்கொள்ள வேண்டும்.