தத்துவம் படிக்க எவ்வளவு ஆகும் பாஸ்?

போன வாரம் ஒரு ஜூனியர் போன் பண்ணியிருந்தாள். விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்ஸி. மேத்ஸ் முடிச்சாச்சு. "அண்ணா, எனக்கு எம்.ஏ. ஃபிலாசஃபி படிக்கணும். அப்பா ஒரே கேள்விதான் கேட்டாரு... 'அதைப் படிச்சா சோறு கிடைக்குமா?' என்ன பதில் சொல்றது?"

அப்பாவை வில்லனாக்கிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். பெட்டிக்கடை நடத்தி மகளை டிகிரி வரைக்கும் கொண்டுவந்த மனுஷன். அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

ஒரு பழைய கதை சொல்றேன். நூறு வருஷத்துக்கு முன்னாடி சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் ஒரு பையன். என்ன பாடம் எடுக்கறதுன்னு குழப்பம். கையில் காசும் இல்லை. அதே கல்லூரியில் படிச்சு முடிச்ச உறவுக்காரர் தன்னோட பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புக் செலவு மிச்சம்! அதையே எடுத்துட்டான். அந்தப் பையன்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன். பின்னாளில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர், 1962-ல் குடியரசுத் தலைவர்.

சரி, இப்போ கணக்குக்கு வருவோம். அரசுப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. ஃபீஸ் ஆயிரங்களில் முடிஞ்சிடும். தனியார் பல்கலைக்கழகம்னா லட்சங்கள். வேலை பார்த்துக்கிட்டே படிக்க 'இக்னோ'வில் தபால் வழி எம்.ஏ. இருக்கு. எந்த டிகிரி முடிச்சவங்களும் சேரலாம்.

'ஜெர்மனியில் ஃபீஸே இல்லையாமே!'னு சிலர் சொல்வாங்க. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் உண்மைதான். ஆனா விசா வேணும்னா ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் இருக்குன்னு காட்டணும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ. நம்ம காசுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டுது. இலவசத்துக்கும் ஒரு விலை இருக்கு பாஸ்!

இங்கேயும் அதே கதைதான். ஃபீஸ் சின்னது. ஹாஸ்டல், மெஸ் பில், அதைவிடப் பெருசா, ரெண்டு வருஷம் வீட்டுக்கு வராத சம்பளம்... நிஜமான செலவு அதுதான்.

அப்புறம் ஏன் படிக்கணும்? கிளாஸுக்குள்ள எட்டிப் பாருங்க. ஒரு பெஞ்சில் பாதிரியார் ஆகப் போற பிரதர். குருமடத்தில் அவங்களுக்குத் தத்துவம் கட்டாயம். பக்கத்தில் கறுப்புச் சட்டை போட்ட நண்பர். பின்னாடி ஐ.ஏ.எஸ். கனவோட ஒரு இன்ஜினீயர். மெயின்ஸில் ஃபிலாசஃபியை விருப்பப் பாடமா எடுத்தா 500 மார்க் ஆச்சே! ஓரத்தில் ரிட்டயர்டு அங்கிள் ஒருத்தர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தோட சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறிஸ்தவம், இஸ்லாம் எல்லாத்துக்கும் துறை உண்டு. 'கடவுள் உண்டா?'னு புரொபசர் கேட்டா, அன்னிக்கு லஞ்ச் பிரேக் கிடையாது!

ஆனா அந்த பெஞ்சில் யாரைக் குறைவாப் பார்க்கறோம் தெரியுமா? அந்த விருதுநகர் பொண்ணு மாதிரி, வீட்டிலேயே முதல் டிகிரி வாங்கினவங்களை. 'நீதின்னா என்ன?', 'சமத்துவம்னா என்ன?'ன்னு பசி தெரியாதவங்க மட்டும் உட்கார்ந்து பேசினா, அது அரட்டை. பசி தெரிஞ்சவங்களும் வந்து பேசினாத்தான் அது தத்துவம்.

அவகிட்ட ஒண்ணு மட்டும் சொன்னேன். "அப்பாகிட்ட பிளேட்டோவைப் பத்திப் பேசாதே. கடைக் கணக்கு நோட்டை எடு. ஒரு பக்கம் ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ். இன்னொரு பக்கம் ஸ்காலர்ஷிப். அப்புறம், யு.ஜி.சி. நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். கிடைச்சு, பிஎச்.டி.யில் சேர்ந்தா மாசம் 37,000 ரூபாய்னு எழுது. 2023-லிருந்து அதான் ரேட். கிடைக்காமலும் போகலாம்னு அதையும் எழுது. அவர் வியாபாரி. ரிஸ்க்னா என்னன்னு உன்னைவிட அவருக்கு நல்லாத் தெரியும்."

நேத்து மெசேஜ் வந்துச்சு. அப்பா நோட்டை ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தாராம். அப்புறம் சொன்னாராம்: "சரி, சேரு. புஸ்தகம் மட்டும் பழசு கிடைக்குதானு பாரு!"