கல்லறையைத் தோண்டும் முன் யாரைக் கேட்பது?



அகழாய்வுன்னா நமக்கு ஆர்வம்தான். பானை ஓடு, காசு, மணி கிடைச்சா சந்தோஷப்படுறோம். ஆனா தோண்டுற இடம் ஒரு இடுகாடா இருந்தா? அங்கே கிடைப்பது வெறும் பொருள் இல்லை, யாரோ ஒருவரின் முன்னோர்!

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் 1991-ல் மத்திய அரசு 34 மாடிக் கட்டடம் கட்டத் தோண்டியது. எலும்புக்கூடுகள் வந்தன. 1600, 1700-களில் ஆப்பிரிக்க அடிமைகளும், விடுதலை பெற்றவர்களும் புதைக்கப்பட்ட இடம் அது. 419 பேரின் எலும்புகளை வெளியே எடுத்தார்கள். 1992-ல் கான்கிரீட் வேலையில் சில கல்லறைகள் சிதைந்தே போயின.

கறுப்பின மக்கள் கொதித்து எழுந்தார்கள். தங்களைக் கேட்காமல் தங்கள் முன்னோரைத் தொடக்கூடாது என்றார்கள்.

"கல்லறையில் பெயரே இல்லை, நீங்கதான் வாரிசுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று சிலர் கேட்கலாம். பெயர் இல்லாமல் போனதுக்குக் காரணமே அடிமை முறைதானே? அந்தக் குறையை வாரிசுகள் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

போராட்டத்தால் 1992-ல் தோண்டும் வேலை நின்றது. ஆராய்ச்சி, கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட ஹோவார்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனது. மைக்கேல் பிளேக்கி தலைமை தாங்கினார். அவர் குழு முதலில் மக்களிடம் கேட்டது: நீங்க என்ன தெரிஞ்சுக்க விரும்புறீங்க? எங்கிருந்து வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், எப்படி எதிர்த்து நின்றார்கள் என்பதே மக்களின் கேள்விகள்.

இதனால் அறிவியல் கெட்டுப் போச்சா? இல்லவே இல்லை! அளவுக்கு மீறிச் சுமை தூக்கிய தடயங்கள் எலும்பில் தெரிந்தன. இறந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் குழந்தைகள். ஒரு பெண்ணின் இடுப்பில் மணிகள் இருந்தன. அடிமையாக்கினாலும் அவர்கள் வழக்கத்தை விடவில்லை!

2003-ல் எல்லோரையும் மரியாதையோடு அங்கேயே மறுபடி புதைத்தார்கள். 2006-ல் அது தேசிய நினைவுச் சின்னமானது. நாளைக்குப் புதுக் கருவி வந்தால் அந்த எலும்புகளைச் சோதிக்க முடியாதே என்பீர்கள். உண்மைதான், அது இழப்புதான். ஆனால் அந்த முடிவைச் சொல்லும் உரிமை வாரிசுகளுக்கே.

என் கருத்து இதுதான். தோண்டிய பிறகு தகவல் சொல்வது மரியாதை ஆகாது. தோண்டும் முன்பே கேட்கணும். "வேண்டாம்" என்றால் நிறுத்தணும்.

நீங்க என்ன நினைக்கிறீங்க? எழுதிக் கருத்துப் பெட்டியில் போடுங்க!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி