சமயத்தை அறிவிக்கும் உரிமையும் அதன் எல்லையும்

தமது விசுவாசத்தைப் பிறருக்கு அறிவிப்பது கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை கிறிஸ்துவினால் ஒப்படைக்கப்பட்ட கடமையாகும். எமது நாட்டில் அக்கடமை இரண்டு தசாப்தங்களுக்கும் மேலாகச் சட்டப் பிரச்சினையாகவும் அரசியல் பிரச்சினையாகவும் இருந்து வருகின்றது.

மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைப்பதற்கான சட்டமூலத்தை 2003இல் ஆராய்ந்த உயர் நீதிமன்றம், சமயத்தைப் பின்பற்றும் உரிமையை அரசியலமைப்பு உறுதிப்படுத்திய போதிலும், அதனைப் பரப்புவது அடிப்படை உரிமையாகாது எனத் தீர்மானித்தது. இவ்விடயத்தில் மத சுதந்திரம் மீறப்பட்டுள்ளதாக ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2005இல் முடிவு செய்தது. இதற்கிடையில், 2004இல் ஜாதிக ஹெல உறுமய பலவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தது. அதன் சில ஏற்பாடுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அச்சட்டமூலம் நிறைவேறவில்லை. எனினும் அதற்கான கோரிக்கை ஓயவில்லை.

பலவந்தத்தையும் மோசடியையும் எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால், அச்சட்டமூலம் ஆசை காட்டி மதம் மாற்றுவதையும் குற்றமாக்க முயன்றது. பசித்தவனுக்கு உணவளிப்பதும் ஏழைப் பிள்ளைக்குக் கல்வி புகட்டுவதும் எப்போது ஆசை காட்டுதலாகும்? அதனைத் தீர்மானிக்கும் அதிகாரம் பொலிஸாரிடம் செல்லுமானால், தேவாலயத்திற்கு நேர்வது நாளை பள்ளிவாசலின் ஸகாத் விநியோகத்திற்கும் கோயிலின் அன்னதானத்திற்கும் நேராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எமது முன்னோர் வேறொரு வழியைக் காட்டியுள்ளனர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் துணைநின்ற ஆறுமுக நாவலர், பின்னர் மிஷனரிமாரின் பிரசாரத்தைப் பிரசங்கத்தாலும் பாடசாலையாலும் அச்சியந்திரத்தாலும் எதிர்கொண்டார். அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்து, தமது சமூகத்தின் கல்வி விழிப்புணர்ச்சிக்காக உழைத்தார். கருத்தைக் கருத்தால் எதிர்கொண்டமையால் சைவமும் இஸ்லாமும் இங்கு வலுப்பெற்றனவேயன்றி நலிவடையவில்லை.

அதேவேளை, திருச்சபைகளுக்கும் பொறுப்புண்டு. 2004 ஆழிப்பேரலையின் பின்னர், நிவாரணத்துடன் மதப் பிரசாரமும் கலந்ததாகச் சில குழுக்கள் மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. அனைத்தையும் இழந்து அகதி முகாமில் நிற்பவனால் உதவியை மறுக்க இயலாது. அந்நிலையில் அவன் அளிக்கும் சம்மதம் சுதந்திரமான சம்மதமாகாது. தமது நம்பிக்கைக்கான காரணத்தைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் எடுத்துரைக்குமாறே பேதுருவின் முதலாம் நிருபம் விசுவாசிகளைப் பணிக்கின்றது. மார்க்கத்தில் வற்புறுத்தலுக்கு இடமில்லை என்பதே அல்குர்ஆனின் நிலைப்பாடுமாகும்.

எனவே, உதவி நிபந்தனையின்றி வழங்கப்பட வேண்டும். போதனை கேட்பவனின் சுதந்திரத்தை மதிக்க வேண்டும். இந்த எல்லையைச் சமயத் தலைவர்கள் ஒன்றுகூடித் தாமே வகுத்துக்கொள்வது, சட்டத்தின் கரம் வழிபாட்டிடங்களுக்குள் நீள்வதைக் காட்டிலும் மேலானது. பிறரது சமயத்தின் குரலை அடக்குவதற்கு இன்று துணைபோகும் சிறுபான்மைச் சமூகம், நாளை தனது குரலுக்காக வாதாடும் தகுதியை இழந்துவிடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.