சிவப்புக் கட்டடங்கள் தப்பிப் பிழைக்குமா?

திருத்தணியிலிருந்து மின்சார ரெயில் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்களில் பலர், "மூர் மார்க்கெட்" நிலையத்தில் இறங்குகிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா?

1900-ம் ஆண்டில், வெள்ளைக்காரர் ஆட்சியில், அங்கே சிவப்புச் செங்கல்லால் ஒரு பெரிய மார்க்கெட் கட்டினார்கள். பழைய புத்தகம் முதல் பறவைகள் வரை எல்லாம் அங்கே கிடைக்கும். 1985-ம் ஆண்டு மே மாதம் அது தீப்பிடித்து அழிந்தது. அந்த இடத்தில் ரெயில் நிலையம் வந்தது. பெயர் மட்டும் மிஞ்சியது!

பூசாத சுவர்

இங்கிலாந்தில் செங்கல் வீடுகளைப் பூசாமல் சிவப்பாகவே விடுவது பழைய வழக்கம். ஆனால் சென்னைக்கு வந்த ஆங்கிலேயர்கள் முதலில் அப்படிச் செய்யவில்லை. செங்கல் சுவரின் மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பூசி, பளிங்கு போல மெருகேற்றினார்கள். 200 ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகுதான் சிவப்புச் சுவர்கள் எழுந்தன.

1892-ல் முடிந்த ஐகோர்ட்டுக் கட்டடமும், சென்டிரல் அருகே உள்ள விக்டோரியா மண்டபமும் அந்த வகை. படம் போட்டவர்கள் ஆங்கிலேயர்கள். கட்டிக் கொடுத்தவர் யார்? நம்முடைய நம்பெருமாள் செட்டியார்! ஆகவே, இவை அன்னியர் சொத்து அல்ல. நம்மவர் கைவேலை.

கோர்ட்டில் வழக்கு

மவுண்ட் ரோட்டில் 1897-ல் ஒரு மருந்துக் கம்பெனிக்காகக் கட்டிய சிவப்பு மாளிகை உண்டு. பின்னர் அது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் ஆயிற்று. 1956-ல் எல்.ஐ.சி. வசம் வந்தது. 2006-ல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். பழமையைக் காக்க விரும்பியவர்கள் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 2010-ல், இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு கடப்பாரையை நிறுத்தும். மழையை நிறுத்துமா? கூரை ஒழுகினால், வெடிப்பில் அரசங்கன்று முளைத்தால், எந்தச் சுவரும் விழத்தான் செய்யும். கட்டடத்தைக் காப்பது பழுது பார்க்கும் வேலைதான். விக்டோரியா மண்டபத்துக்கு அந்த வேலை 2023-ல் தொடங்கியது.

நம் வீட்டிலும்...

இது சென்னைக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. தாத்தா காலத்துச் செங்கல் வீடு உங்களுக்கும் இருக்கலாம். சுவர் உதிர்ந்தால் உடனே சிமெண்டு பூசுகிறோம். அது தவறு. பழைய சுவரில் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும். சிமெண்டு உள்ளேயே அடைத்துவிடும். பிறகு உப்புப் பூத்து, செங்கல்லே பொடிப்பொடியாக உதிரும்.

எனவே, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். மழைக்காலத்துக்கு முன் மாடியில் உள்ள செடிகளைப் பிடுங்குங்கள். தண்ணீர் போகும் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். இதற்கு அதிகச் செலவு ஆகாது. இடித்துவிட்டால், எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்த வீடு திரும்பி வராது!