உதவித்தொகையும் தையற்கடையும்

வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிக்கப்பட்டதும் ஆய்வு மாணவர் பலர் ஓடுவது ஆயத்த ஆடைக் கடைக்கு. தள்ளுபடியில் பளபளக்கும் பாலியெஸ்டர் கோட்-சூட் ஒன்றை வாங்குகிறார்கள். வாய்மொழித் தேர்வுக்கு ஒருமுறை, உதவிப் பேராசிரியர் நேர்முகத்துக்கு ஒருமுறை, நண்பரின் திருமணத்துக்கு ஒருமுறை. பிறகு அது விடுதி அலமாரியில் தொங்கும். சிக்கனம் என்று கருதிச் செய்யப்படும் பெருஞ்செலவு இது.

2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். நெட் வழி உதவித்தொகை இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் பயில்வோருக்கு 8,000 ரூபாய். 2015-இல் அத்தொகையை நிறுத்த முனைந்த யுஜிசியை எதிர்த்து மாணவர்கள் டில்லியில் போராடியபோதும் அது 8,000தான். இவ்வருவாயில் உடையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் எனச் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிப்பவர் யார் என்று பார்ப்பது நல்லது.

கசங்கிய கதர்ச் சட்டையும் தேய்ந்த செருப்புமாக வரும் மூத்த பேராசிரியரின் தோற்றம் எளிமை எனப் போற்றப்படுகிறது. அதே கோலத்தில் வரும் முதல் தலைமுறை மாணவரிடம் தேர்வுக்குழு காண்பது எளிமையை அன்று. சமூகமொழியியல் பயின்றோருக்கு இது புதிதில்லை: வட்டாரச் சொல்லைப் பேராசிரியர் கையாண்டால் மண்வாசனை, மாணவர் கையாண்டால் பிழை. 1921-இல் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார். அம்பேத்கரோ கோட்டும் டையுமாகவே பொதுவெளியில் நின்றார். நல்லுடை மறுக்கப்பட்ட மக்களுக்கு அந்தக் கோட்டு மேலை மோகம் அன்று, உரிமைக்கோரல். இந்திய வெயிலில் கோட்டு எதற்கு என்னும் கேள்வி நியாயமானதே. அதைத் தேர்வுக்குழுவிடம் கேட்க வேண்டுமேயன்றி மாணவரிடம் அன்று.

வழி தையற்கடையில் இருக்கிறது. சராசரி உடல்வாகுக்கு, 58 அங்குல அகலத் துணியில் ஒரு பேன்ட்டுக்கு ஏறத்தாழ 1.3 மீட்டரும் முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டரும் போதும். சாம்பல் நிறத்தில் ஒரு பேன்ட், வெளிர் காக்கியில் ஒன்று (பாரசீகத்தில் புழுதியைக் குறித்த சொல், காவலர் சீருடையை நினைவூட்டாத சாயலாகப் பார்த்து எடுக்க வேண்டும்). வெள்ளையில் இரண்டும் வெளிர்நீலத்தில் இரண்டுமாகச் சட்டை நான்கு. எந்தச் சட்டையும் எந்தப் பேன்ட்டோடும் சேரும். பருத்தித் துணி சுருங்கும். நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டக் கொடுக்க வேண்டும். பேன்ட்டின் இடுப்பிலும் அடியிலும் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்வது இன்றியமையாதது. விடுதிச் சாப்பாட்டில் இளைத்தவர் வேலை கிடைத்ததும் பெருப்பார். அப்போது பிரித்துவிட இடம் வேண்டும்.

கோட்டு கடைசியில் வாங்க வேண்டியது. கருநீலத்தில் ஒன்றே ஒன்று. முதுகில் முழு உள்துணி வைக்காதது என்றால் வெயிலுக்குத் தாங்கும். இரு பேன்ட்டுகளோடும் அது பொருந்தும். பழையதை வாங்குவதில் இழுக்கில்லை. குளிர்காலத்தில் டில்லி நடைபாதைகளில் குவியும் பழைய கோட்டுகளில் அசல் கம்பளியும் அகப்படும். முதலில் பார்க்க வேண்டியது தோள். கையைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். தோள் பொருந்தாத கோட்டைத் திருத்தப் புகுந்தால் அதைப் பிரித்துப் புதிதாகத் தைத்தது போலாகிவிடும்.

தனிமனிதச் சாமர்த்தியத்தோடு இது முடிந்துவிடக் கூடாது. பட்டமளிப்பு விழாவுக்கு அங்கிகளை வாடகைக்குத் தரும் பல்கலைக்கழகம், நேர்முகத்துக்குச் செல்லும் மாணவருக்கு ஒரு கோட்டைக் கடன் தருவதில் என்ன தடை? துறைக்கு ஓர் அலமாரி, வெவ்வேறு அளவில் நான்கைந்து கோட்டுகள், உலர்சலவைக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை, நூலகத்தில் இருப்பது போன்ற ஒரு பதிவேடு.