குட்டி யானை கிளம்ப மறுக்கிறதா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்!

விடியற்காலை நாலரை மணி. புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம். ஐஸ் போட்ட மீன் பெட்டிகள் ஏறிவிட்டன. சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. மீன் காத்திருக்காது, பெரிய மார்க்கெட் வியாபாரமும் காத்திருக்காது. ஒரு நாள் வாடகை போனால் மாதத் தவணையில் துண்டு விழும். அந்தப் பதற்றத்தில் சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் பலரும் செய்யும் தவறு. இருக்கிற கொஞ்சநஞ்ச பேட்டரி சார்ஜும் தீர்ந்து, செல்ஃப் மோட்டாரும் சூடாகிவிடும்.

2005-ல் வந்த டாடா ஏஸைத்தான் நம் ஊரில் 'குட்டி யானை' என்கிறோம். 702 சிசி, இரண்டே சிலிண்டர் டீசல் இன்ஜின். இதுபோன்ற பழைய வண்டிகளில் கோளாறு எங்கே என்பதைச் சத்தமே பாதி சொல்லிவிடும்.

'டக்' சத்தம் மட்டும் வருகிறதா?

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். லைட் மங்கி அணைந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. லைட் பிரகாசமாகவே இருந்தால் செல்ஃப் மோட்டாரையோ அதன் வயரையோ பார்க்க வேண்டும். கடற்காற்று வீசும் ஊரில் டெர்மினல் சீக்கிரமே பூத்துப்போகும். புது பேட்டரி வாங்கும் முன் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இறுக்கிப் பாருங்கள். கழற்றும்போது மைனஸ் வயர் முதலில். மாட்டும்போது அது கடைசியில்.

இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லையா?

ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு சைலன்சரைப் பாருங்கள்.

புகையே வரவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. டேங்க் காலியாகும்வரை ஓட்டியிருந்தால் லைனில் ஏர் லாக் ஆகியிருக்கும். காற்றை எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்கும். அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும்வரை வடியவிடுங்கள்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. மதியம் சட்டென்று கிளம்பும் வண்டி விடியற்காலையில் மட்டும் அடம்பிடித்தால், முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக் மேல்தான். நாலு சிலிண்டர் வண்டியில் ஒரு பிளக் போனாலும் மற்ற மூன்று சமாளிக்கும். குட்டி யானையில் ஒன்று போனால் பாதி இன்ஜினே போன மாதிரி. டேஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்வது நல்லது. பிளக்கை மாற்றியும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், கம்ப்ரஷனை மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.

இதைச் செய்யவே கூடாது

ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடம் விடுங்கள். ஏர் ஃபில்டர் வழியாக பெட்ரோலோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ விடவே கூடாது. சூடான ஹீட்டர் பிளக்கில் பட்டு வெடித்து, பிஸ்டனே உடையலாம். பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும்.

மெக்கானிக்குக்கு போன் செய்யும்போது "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சுத்துது, வெள்ளைப் புகை வருது" என்று சொல்லிப் பாருங்கள். எந்தச் சாமானோடு வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். ஐஸ் கரையும் முன் வண்டியும் கிளம்பிவிடும்.